ஓராண்டுக் கெடு

மேலூரை அடுத்த மேலவளவில், 1997 சூன் 30 அன்று, ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் அறுவர் பட்டப்பகலில் வெட்டி வீழ்த்தப்பட்டனர். நாம் மறந்தோமில்லை.

அந்தக் குருதி கண்ட மண்ணில், அதிகாரி இழைக்கும் கொடுமையை அஞ்சாது எடுத்துரைக்க ஏழைக்கு எத்தனை காலம் வேண்டும்? ஓராண்டே போதும் என்கிறது 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன்பின் ஆணையம் விசாரித்தல் ஆகாதாம்! அச்சம் அகன்று அவன் வாய் திறக்குமுன் ஆணையத்தின் வாயில் மூடிக்கொள்கிறது.

2019-இல் சட்டத்தைத் திருத்தினர். தலைவர் பதவிக்குரிய தகுதி மாறிற்று, கெடு மாறவில்லை!

மீண்டும் திருத்தட்டும், தோழர்களே! ஆனால் முதலில் மக்களைக் கேட்கட்டும்; தில்லி மண்டபத்தில் ஆங்கிலத்திலன்று, மேலூர்ச் சாவடியில், சேரித் தெருவில், தமிழில் கேட்கட்டும். அன்று நாம் உரைப்போம்: நீதிக்குக் கெடு வைக்காதீர்!