சோழநாட்டில் சில நாட்கள் – 5: ஆழித்தேரின் சக்கரத்தடியில்

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திருவாரூரில் இறங்கியதும்தான் வழக்கு ஆரம்பித்தது. போனில் ஒரு வாடகை சொன்ன லாட்ஜ்காரர், நேரில் போனதும் "தேர் சமயம் சார்" என்று இரண்டு மடங்கு கேட்டார். வாதாடினேன்; மசியவில்லை. கொடுத்த பணத்துக்குக் குளியலறை வாளிகூடச் சுத்தமாக இல்லை. சாமி பார்க்க வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது ஊருக்கே அவமானம்.

கீழவீதிக்குப் போய்த் தியாகராஜர் கோயிலின் ஆழித்தேரை அண்ணாந்து பார்த்ததும் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. அலங்காரத்தோடு 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். அப்பர் தேவாரத்திலேயே இடம்பெற்ற தேர் இது. பழைய தேர் தீக்கிரையான பிறகு, 1930இல் புதுத்தேர் ஓடியது. 1948க்குப் பின் ஓடாமல் நின்றுபோய், 1970இல்தான் மறுபடியும் வீதிக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது.

விநாயகர் தேரும் சுப்பிரமணியர் தேரும் முன்னே போய்விட்டன. வடம் பிடிக்கிற கூட்டத்தில் நுழைய நான் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, வடத்தை எல்லாரும்தான் பாக்குறாங்க. இங்க வந்து நின்னு சக்கரத்தைப் பாருங்க."

பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு ஆட்கள் பின்னோக்கி நடக்கிறார்கள். தேர் இடப்பக்கம் சாய்ந்தால் ஒரு கட்டை, வேகம் எடுத்தால் இன்னொரு கட்டை. சரியான நொடியில் சக்கரத்தடியில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது, முன்னால் ஆயிரக்கணக்கானோர் "ஆரூரா! தியாகேசா!" என்று இழுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே தேரை நேர்வழியில் வைத்திருப்பது இவர்கள் கைதான்.

"பிரேக் இருக்கே ஐயா?" என்றேன்.

"நிறுத்தத்தான் பிரேக்கு. திருப்புறது யாரு? நானும் முட்டு போட்டவன்தான். முட்டி போனப்புறம் திண்ணைக்கு வந்துட்டேன்."

வீதி முனையில் சக்கரத்தடியில் இரும்புத் தகடு போட்டுக் கிரீஸ் தடவினார்கள். அங்கிருந்து அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. பெரியவர் வீட்டிலிருந்து ஒரு சொம்பு நீர்மோர் வந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டது. காசு நீட்டியதும் முகம் சுளித்தார். "தேருக்கு வந்தவங்ககிட்ட காசா?" லாட்ஜ்காரரும் இதே ஊர்தான்!

மறுநாள் கோயில். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். கமலாலயக் குளத்தைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும். தியாகராஜருக்கு முகதரிசனம் மட்டும்தான். பாதங்களைப் பங்குனி உத்திரத்திலும் மார்கழித் திருவாதிரையிலும்தான் காட்டுவார்கள். நான் பார்த்ததும் முகம் மட்டுமே. வெயிலில் பிராகாரம் சுற்ற உடம்பு ஒத்துழைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. தேரோடிய வீதி முழுக்கத் தண்ணீர்ப் பாக்கெட் உறைகள், அன்னதானத் தட்டுகள். அந்த ஈரப் பிளாஸ்டிக்கின் மேல்தான் முட்டு போடுகிறவர்கள் வெறுங்காலோடு பின்னோக்கி நடக்கிறார்கள். கால் வழுக்கினால் எதிரே 300 டன். தேருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து குடித்த பாக்கெட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)