விரல் பழையது, நம்பர் புதுசு

தமிழ்நாட்டில் தொழிலாளர் வழக்கு நடத்துகிறவர்களுக்கு 480 என்ற எண் மனப்பாடம். தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்க 1981-ல் இங்கே ஒரு தனிச் சட்டம் வந்தது. 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. முதலாளிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1990-ல் நெல்லை காட்டன் மில்ஸ் வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. அதன்பின் மிச்சமிருப்பது எண்ணிக்கைச் சண்டைதான். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, எந்த நோட்டைப் பார்த்து எண்ணுவது?

அந்த நோட்டு கணினிக்குள் போன பிறகு நான் நடத்திய வழக்கு இது. கட்சிக்காரர் கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலையில் உள்ளடங்கிய ஒரு ஊர்க்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். 2019 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். "ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்கேன் சார். நாள் பத்தலன்றாங்க" என்று சொல்லி, சம்பளச் சீட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் கவரை மேசைமேல் கவிழ்த்தார்.

நிரந்தரப் பட்டியலில் பெயர் விடுபட்டவர் தொழிலக ஆய்வாளரிடம் முறையிடலாம் என்று அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. அப்படித்தான் மனு போட்டோம். நிர்வாகம் பதிலோடு ஒரு கணினி அச்சுப் படியைத் தாக்கல் செய்தது. வருகைப் பதிவு மென்பொருளிலிருந்து எடுத்த சுருக்க அறிக்கை. பெயர், டோக்கன் எண், பிரிவு, வேலை நாள்: 431. "இது மேஸ்திரி எழுதின மஸ்டர் ரோல் இல்லை. விரலை வைத்தால் தானாக ஏறும் கணக்கு. மனிதக் கை படவே இல்லை" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். நல்ல வாதம்தான். மஸ்டர் ரோல் என்றால் அடித்தல் திருத்தலைத் தேடலாம், மையின் நிறத்தைப் பார்க்கலாம். இதில் எதைத் தேடுவது?

நாள் கணக்கை நிரூபிக்கும் சுமை தொழிலாளி தலையில்தான் விழும். ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்ததாகக் கோரும் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2002-ல் ஹடிமனி தீர்ப்பிலேயே இதைச் சொல்லிவிட்டது. 2005-ல் எள்ளட்டி வழக்கில் கொஞ்சம் வழிவிட்டது. தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லட்டும், ஆவணங்கள் நிர்வாகத்தின் கையில் இருந்தால் அவற்றைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கட்டும் என்றது. கேட்பதற்கு, எது எங்கே இருக்கிறது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

சம்பளச் சீட்டுகளை மாத வாரியாக அடுக்கியபோது விஷயம் பிடிபட்டது. நடுவில் மூன்று வாரம் போல ஓர் இடைவெளி. அதற்கு முன் ஒரு டோக்கன் எண், பின் வேறொன்று. ஆலையில் இதற்கு 'ப்ரேக் குடுக்கறது' என்று பெயர். அச்சடித்த ராஜினாமாப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள். சில வாரம் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். புது டோக்கனுக்குக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். 431 என்பது இரண்டாவது டோக்கனின் நாள்கள் மட்டும். அந்த எண்ணில் பொய்யே இல்லை.

ஆனால் இரண்டு காலத்துச் சீட்டுகளிலும் பி.எஃப். யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணும் அப்படியே இருந்தன. யு.ஏ.என். 2014-ல் வந்ததே, வேலை மாறினாலும் எண் மாறக் கூடாது என்பதற்காக. இ.எஸ்.ஐ. எண்ணும் அப்படித்தான், ஆளுக்கு ஒன்று. மாதாமாதம் சந்தா கட்டும்போது எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுத்தோம் என்பதையும் நிர்வாகமே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவை எடுத்துக் கூட்டினோம். அதே 24 மாதத்துக்குள் விழும் முதல் டோக்கன் நாள்களைச் சேர்த்தால் 480 தாண்டியது. ஒரே நிர்வாகம், ஒரே ஆளின் ஒரே நாளை வெவ்வேறு இடங்களில் எழுதிவைத்திருக்கிறது. ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு வேலைக்கு என்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பு 65பி-யைத் தூக்கியது. சாட்சியச் சட்டத்தின் அந்தப் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். 2014-ல் அன்வர் தீர்ப்பும், 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பும் அதைக் கட்டாயமாக்கின. (இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு.) ஆய்வாளர் முன் சாட்சியச் சட்டம் அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தாது என்று பதில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. விதி இருவருக்கும் பொது, உங்கள் 431-க்கும் சான்றிதழ் கொடுங்கள் என்றேன். கருவி எதிரியின் வசம் இருந்தால் சான்றிதழை வரவழைக்கச் சொல்லி மனுச் செய்யலாம் என்பதும் பண்டித்ராவ் தீர்ப்பில்தான் இருக்கிறது. அதைக் காட்டி மனுப் போட்டதும், மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ஐ.டி. பையனைச் சாட்சியாக அழைத்துவர வேண்டியதாயிற்று.

இருபத்தைந்து வயதுகூட இருக்காது. யாருக்கும் பகையாளி இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். மறுபடி சேர்ந்தபோது விரல் ரேகையைப் புதிதாக எடுத்தீர்களா என்று கேட்டேன். "இல்ல சார், மெஷின்ல ஏற்கெனவே இருந்துச்சு. விரல் பழையதுதான், நம்பர் மட்டும் புதுசு" என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்தது மனிதவள மேலாளர். அந்த அச்சுப் படியின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் அறிக்கையின் நிபந்தனைகளும் சேர்ந்து அச்சாகியிருந்தன. அதில் 'வரம்பு 450' என்று ஒரு வரி. பட்டியலில் சில பெயர்கள்மேல் மஞ்சள்.

"இந்த மஞ்சளைப் போட்டது யார்?"

"சிஸ்டம்."

"எப்போது போடும்?"

"450 நாள் நெருங்கினா."

"சிஸ்டத்துக்கு 450 என்று சொன்னது யார்?"

பதில் வர நேரமாயிற்று. மேலிடம் கேட்ட ரிப்போர்ட் என்றார். மஞ்சள் விழுந்தவர்களை என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, "ரிவ்யூ பண்ணுவோம்."

தகவல் அமைப்பு நிர்வாகத்துக்கு முடிவெடுக்க உதவுகிறது என்று மேலாண்மைப் பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. அடியில் அன்றாடப் பதிவுகள், அதன்மேல் மாதச் சுருக்கம், உச்சியில் முடிவு. 1978-ல் பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், முடிவுகளை வாடிக்கையாக எடுப்பவை, புதிதாக யோசித்து எடுப்பவை என்று பிரித்தார். ஓர் ஆளை வேலையை விட்டு அனுப்புவது இந்த ஆலையில் முதல் வகைக்கு வந்துவிட்டது. சுருக்க அறிக்கை, கேட்டவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். எனக்கு வேண்டியது அடியில் இருந்தது. விரல் பட்ட நொடியும் இ.எஸ்.ஐ.க்குக் கட்டிய நாளும் எந்த மேலாளரின் கேள்விக்காகவும் எழுதப்பட்டவை இல்லை.

அதற்காக அடிமட்டப் பதிவைக் கும்பிட வேண்டியதும் இல்லை. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டை நிலையத்தில் மைசூர்–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் நேராகப் போக சிக்னல் இருந்தும் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. சிக்னலும், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்டும் எந்த நொடியில் எந்த நிலையில் இருந்தன என்பதை நிலையத்தில் இருக்கும் டேட்டா லாக்கர் பதிந்துகொண்டே இருக்கும். விபத்து என்றால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் பாயின்ட்டின் பாகங்களை யாரோ கழற்றியதுதான் காரணம் என்ற ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் முடிவுக்கு, தண்டவாள இரும்பையே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. என் வழக்கிலும் இரும்பைப் பார்க்க வேண்டிய ஓர் இடம் இருந்தது: அந்த மூன்று வாரம். ஆள் தானாக நின்றாரா, நிறுத்தப்பட்டாரா என்பதை எந்த மென்பொருளும் எழுதவில்லை. தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றால் அதைத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் விளக்கம் தருகிறது. ஆனால் தவறில்லை என்று காட்டியாக வேண்டுமே. கட்சிக்காரர் கூண்டேறி, கேட்டில் செக்யூரிட்டி படிவத்தை நீட்டியதையும், கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிச் சம்பளம் என்று சொன்னதையும் சொன்னார். குறுக்கு விசாரணையில் அசையவில்லை.

நிரந்தரம் செய்ய உத்தரவானது. நிர்வாகம் ரிட் போட்டது. உயர் நீதிமன்றத்தில் கிடப்பில் இருந்தபோதே சமரசம் பேசி, அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது; பழைய சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வீட்டில் தங்கை கல்யாணம் நிற்கிறது சார் என்றார் அவர்.

அச்சுப் படியில் மஞ்சள் விழுந்த மற்றவர்கள் மிச்சம். வழக்கறிஞர் தானாகத் தேடிப்போய் வழக்குப் பிடிக்கக் கூடாது என்கிறது பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. கட்சிக்காரருக்கு அப்படி ஒரு தடை இல்லை. ஷிஃப்ட் முடிந்து மின்சார ரயிலில் வரும்போது அவர் சொல்லியிருக்க வேண்டும். சிலர் சம்பளச் சீட்டும் கையுமாக வந்தார்கள். அவர்களில் இருவருக்கு, எப்படிக் கூட்டியும் 24 மாதத்துக்குள் 480 தேறவில்லை.