வெட்சூட்டா, ட்ரைசூட்டா? புதுச்சேரிக் கடலில் ஒரு குளிர்க் கணக்கு

காலையிலேயே வியர்த்துக் கொட்டும் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், ஸ்கூபா படகில் ஏறுபவர்களிடம் 3 மில்லிமீட்டர் ரப்பர் உடையை நீட்டினால், "இந்த வெயில்ல இது எதுக்குங்க?" என்பார்கள். பதில் கடலுக்குள் 18 மீட்டரில், 2013-ல் உருவாக்கிய டெம்பிள் ரீஃப் செயற்கைத் திட்டில் கிடைக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்சூட்டைப் பறிக்கும். 28 டிகிரி நீரிலும் முக்கால் மணி நேரத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும்.

அந்த உடைதான் வெட்சூட். பெயருக்கேற்ப உள்ளே நனையும். குளிரைத் தடுப்பது ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். ஆழம் கூடக்கூட அவை நசுங்கி, உடை மெலியும். புதுவைக்கு அது பெரிய குறையல்ல. தொளதொளவென்று இருந்தால்தான் குறை. நீர் உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கும். சங்கடப்படாமல் வேறு சைஸ் கேட்டு வாங்க வேண்டும்.

சிக்கல், இங்கே கற்ற கையோடு ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவுக்கு டிக்கெட் போடுபவர்களுக்கு. அங்கே வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். ட்ரைசூட் இல்லாமல் முடியாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை, உள்ளே கதகதப்பான உடுப்பு, கூடவே கொஞ்சம் காற்று. அந்தக் காற்றில்தான் ஆபத்தும். மேலே வரும்போது அது விரியும். வால்வைத் திறந்து வெளியேற்றத் தெரியாதவரைத் தக்கைபோல் தூக்கிவிடும். அந்த வேகம் நுரையீரலையே கிழிக்கலாம். அதனால்தான் அங்கே டைவிங் செய்ய ட்ரைசூட் பயிற்சிச் சான்றோ அனுபவமோ கேட்கிறார்கள்.

ஊரிலேயே ஒன்று வாங்கிப் பழகலாம் என்றால், புதுச்சேரி வெயிலில் படகிலேயே மயக்கம் வந்துவிடும். விலையும் வெட்சூட்டைப்போலப் பல மடங்கு. போகும் ஊரில் வாடகைக்கு எடுத்து, ஒருநாள் பயிற்சிக்கும் சேர்த்து விடுப்பு போடுவதே லாபம்.