அவரவர் குவளை

பிறர் சுவையை எள்ளி நகையாடுதல் எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்லாந்து நாட்டில் ஒரு கோடைகால மாலைப்பொழுதில் நான் அறிந்துகொண்டேன்.

ஹாமே என்னும் பகுதியிலுள்ள கிராமமொன்றில், நண்பர் ஒருவரின் வீட்டில் விருந்தினனாகத் தங்கியிருந்தேன். சவுனா என்னும் ஆவிக் குளியல் முடிந்ததும், நண்பரின் தந்தையார் தாமே வடித்த 'சஹ்தி'யைக் குவளையில் வார்த்துத் தந்தார். மண்ணிறமாய்க் கலங்கி, இனித்து, வாழைப்பழ மணம் வீசும் பியர் அது. நண்பரோ கடையில் வாங்கிய 'கர்ஹு'வைத் திறந்தார். அது பொன்னிறமான லாகர்.

"அப்பா அருந்துவது பியரன்று, கூழ்!" என்றார் மகன்.

"உன்னுடையது நுரைத்த தண்ணீர்," என்றார் தந்தை.

நானும் நகைச்சுவை என்றெண்ணி, "அழுகிய பழத்தின் வாடை வீசுகிறதே!" என்று கூறிவிட்டேன். முதியவரின் முகம் வாடிற்று. விருந்தினனுக்கென்றே அவர் அதனை வடித்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மறுநாட் காலை அவர் என்னைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றார். ஆஸ்பென் மரத்தைக் குடைந்து செய்த தொட்டியொன்று அங்கே இருந்தது. 'கூர்னா' என்பது அதன் பெயர். அதனுள் ஜூனிப்பர்க் கிளைகளைப் பரப்பி, பார்லியும் றையும் ஊறிய கரைசலை வடிப்பார்களாம். பெரும்பாலும் அதனைக் கொதிக்க வைப்பதில்லை. பாண் செய்யும் ஈஸ்ற்றே அதனைப் புளிக்கச் செய்கிறது. ஆதலால் குளிரில் வைத்தாலும் சஹ்தி நெடுநாள் தாங்காது. 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு நிலவிய காலத்தையும் கடந்து வந்த மரபு இது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் இதனை மரபுவழிப் பண்டமாகப் பதிவு செய்தது. கலேவலா காவியத்தின் 20ஆம் பாட்டும் பியர் பிறந்த கதையை விரித்துரைக்கிறது: ஓஸ்மோதர் என்பாள் வடித்த பியர் புளிக்க மறுக்க, தேனீ கொணர்ந்த தேனே அதனைப் பொங்கச் செய்கிறது.

"இந்தத் தொட்டி என் தந்தையுடையது. எனக்குப் பின் இதற்கு வேலையில்லை," என்றார் முதியவர்.

அன்று மாலை நானே சஹ்தியைக் கேட்டு வாங்கிப் பருகினேன். "இப்போது பிடிக்கிறதா?" என்று அவர் வினவினார். பொய் கூற மனம் வரவில்லை. "என் நாவுக்கு லாகரே இசைகிறது, ஆயினும் நேற்று நான் சொன்ன சொல் தவறு," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மகன் மட்டும் சிரிக்கவில்லை. சற்று நேரம் மௌனமாயிருந்தவர், "அடுத்த முறை வடிக்கும்போது என்னையும் கூப்பிடுங்கள், அப்பா," என்று கூறித் தம் லாகரை எடுத்துப் பருகினார்.