தூளும் மூச்சும்

உழைப்பவனின் உடம்பில் அவனுடைய தொழில் தன் அடையாளத்தைப் பதித்துவிட்டே போகிறது. குயவரின் நகக்கண்ணில் களிமண் தங்குகிறது. சாயப்பட்டறைத் தொழிலாளியின் விரல்களில் நீலம் படிகிறது. கொல்லரின் புறங்கையில் தீப்பொறி தெறித்த வடு இருக்கிறது. தச்சருக்குரிய அடையாளம் எது? உள்ளங்கைக் காய்ப்பு என்போம். அது நாம் காணும் அடையாளம். நாம் காணாத இடத்தில், மூக்கின் உள்ளறைகளிலும் நுரையீரலின் நுண்ணறைகளிலும், மரம் எழுதிவைக்கும் அடையாளம் ஒன்று உண்டு. எங்கள் சிறு தச்சுப்பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோதுதான் அதைக் குறித்து ஆழ்ந்து சிந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நாகர்கோவிலுக்கு அருகே உள்ளது எங்கள் பட்டறை. இருபதடி அகலம், முப்பதடி நீளம், மேலே ஓட்டுக்கூரை. ஒரு வட்ட ரம்பம், ஒரு பட்டை ரம்பம், ஓர் இழைப்பு இயந்திரம், கையில் பிடித்துத் தேய்க்கும் இரண்டு சாண்டர்கள் ஆகியவையே எங்கள் செல்வம். தேக்கு, அயினி, பலா, வேங்கை ஆகியவற்றோடு இப்போது எம்.டி.எஃப். பலகையும் வந்து சேர்ந்துவிட்டது. வேலை செய்வோர் மூவர். நாற்பது ஆண்டுகள் உளி பிடித்த மூத்த ஆசாரி ஒருவர். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். தொழில் பழகும் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன். மூன்றாமவன் நான்.

தச்சுத்தொழில் பழமையானது, ஆனால் தச்சுப்பட்டறையின் தூசி அவ்வளவு பழமையானதன்று. கை இழைப்புளி ஓடினால் மரம் சுருள்சுருளாகச் சீவப்பட்டுக் காலடியில் விழும். அந்தச் சுருள் யாருடைய மூச்சிலும் கலந்ததில்லை. கைரம்பத்தின் தூளும் பெரும்பாலும் கனத்தது. உதிர்ந்த இடத்திலேயே கிடக்கும். மின்சாரத்தால் சுழலும் பல்லும், உப்புத்தாளைத் தாங்கி அதிரும் சாண்டரும் வந்த பின்னரே மரம் மாவாகத் தொடங்கியது. வேலை விரைவானது, உண்மை. அந்த விரைவுக்கு உரிய விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமத்சினி, தொழிலாளரின் நோய்கள் பற்றி 1700ஆம் ஆண்டு நூலொன்று எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'உம்முடைய தொழில் என்ன?' என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். அந்த ஒரு கேள்வியின் அருமை, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தில் விளங்கிற்று. நாற்காலி செய்வதற்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் என்னும் ஊரிலிருந்து, மூக்கின் உட்புறத்தில் அரிதாகவே தோன்றும் ஒருவகைப் புற்றுநோயுடன் பலர் வருவதைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களான எஸ்மி ஹாட்ஃபீல்டும் ரொனால்ட் மாக்பெத்தும் கவனித்தார்கள். தொழிலைக் கேட்டபோது, வந்தவர்களில் பலர் மரவேலை செய்தவர்கள் என்பது தெரிந்தது. டொனால்ட் ஆச்சிசன் முதலியோருடன் சேர்ந்து அவர்கள் செய்த ஆய்வு 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1995ஆம் ஆண்டு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. ஆஸ்துமா, தோல் அரிப்பு ஆகியவை தனி. தேக்குத்தூளும் ஈட்டித்தூளும் சிலருடைய தோலைத் தடிக்கச் செய்வதைப் பட்டறைகளில் பழகியவர்கள் அறிவார்கள்.

எவ்வளவு தூள் தீங்கானது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி முதல் வன்மரத் தூளுக்குச் சட்டம் விதித்துள்ள எல்லை, ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். இதைப் படித்த அன்று எங்கள் பட்டறையை அளந்து கணக்கிட்டேன். கூரையின் சராசரி உயரம் பன்னிரண்டடி என்று கொண்டால், உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய 204 கனமீட்டர். அவ்வளவு காற்றிலும் சேர்ந்து 408 மில்லிகிராம், அதாவது அரைக் கிராமுக்கும் குறைவான தூள் மிதந்தாலே அந்த எல்லை எட்டப்பட்டுவிடும்! அது ஒரு சிட்டிகை. நாங்களோ சில நாட்களில் மூட்டை மூட்டையாகத் தூள் அள்ளுகிறோம். இயந்திரம் தேர்ந்தெடுக்கும் வேலை அந்தச் சிட்டிகையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

கடைகளில் காட்டப்பட்டவை இரு வகை. முதல் வகையில் ஒரு விசிறியும், மேலும் கீழுமாக இரண்டு பைகளும் இருக்கும். சிம்பும் சீவலும் நேரே விசிறியின் இறக்கைகளை மோதிக்கொண்டு போய்க் கீழ்ப்பையில் விழும். காற்று மேல்பையின் துணி வழியே வெளியேறும். விலை குறைவு, இடமும் அதிகம் வேண்டியதில்லை. ஆனால் மலிவான பைகளின் துணி, ஏறக்குறைய 30 மைக்ரானுக்கும் மேற்பட்ட துகளையே தடுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். மனிதத் தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் அளவு. மூக்கைக் கடந்து மார்புக்குள் இறங்குவது பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூள். அப்படியானால் அந்தப் பை செய்வது என்ன? கண்ணுக்குத் தெரியும் தூளை வாங்கி வைத்துக்கொண்டு, தெரியாத தூளை அறை முழுவதும் ஊதிவிடுகிறது. தரை சுத்தமாகிறது, காற்று சுத்தமாவதில்லை.

இரண்டாவது வகைதான் சைக்ளோன். ஒக்கிப் புயல் 2017ஆம் ஆண்டு எத்தனையோ மீனவர் வீடுகளை இருளாக்கிச் சென்ற மாவட்டம் எங்களுடையது. இங்கே அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பொருளை விற்பதே கடினம். ஆயினும் இந்தச் சுழற்காற்று மனிதனுக்கு ஊழியம் செய்கிறது. மேலே உருளையாகவும் கீழே கூம்பாகவும் அமைந்த தகரக் கூட்டுக்குள், தூசிக்காற்று பக்கவாட்டில் சுவரை ஒட்டி நுழைகிறது. நுழைந்த வேகத்தில் சுழல்கிறது. சுழற்சியால் வெளிப்புறம் தள்ளப்படும் கனத்த தூள், சுவரை உரசி வேகமிழந்து, கூம்பின் வழியே கீழேயுள்ள பீப்பாயில் இறங்குகிறது. பாரம் இறக்கிய காற்று நடுவே மேலெழுந்து விசிறிக்குப் போகிறது. அங்கிருந்து வடிகட்டிக்குப் போகிறது. உள்ளே அசையும் உறுப்பு எதுவுமில்லை. அமெரிக்காவில் ஜான் ஃபின்ச் என்பவர் 1885ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். மர ஆலைகளின் கூரைமேல் நெடுங்காலமாக நின்ற இந்தக் கூம்பைக் கண்டுதான் ஜேம்ஸ் டைசன், 5,127 மாதிரிகள் செய்து பார்த்து, பையில்லாத வீட்டுத் துப்புரவுக் கருவியை உருவாக்கினார்.

சைக்ளோன் வாங்கினால் போதும், வடிகட்டி தேவையில்லை என்று ஒரு விற்பனையாளர் சொன்னார். அது சரியன்று. கனத்தது கீழே இறங்கும். மிக நுண்ணியதோ காற்றோடு காற்றாகவே போய்விடும். சைக்ளோனின் பெரும் நன்மை வேறிடத்தில் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்ட தூளை முன்னதாகவே பிரித்துவிடுவதால், வடிகட்டியின் துளைகள் எளிதில் அடைபடுவதில்லை. அடைபடாத வடிகட்டி, உறிஞ்சும் வலிமையைக் குறைப்பதில்லை. ஆகவே மிக நெருக்கமான இழையுள்ள வடிகட்டியைத் துணிந்து பொருத்தலாம். கூம்பு வடிகட்டியைக் காக்கிறது. வடிகட்டி மனிதனைக் காக்கிறது.

அடுத்தது குதிரைத்திறன் பற்றிய மயக்கம். 'இது மூன்று குதிரைத்திறன், அது இரண்டுதான்' என்றே எல்லாரும் பேசுகிறார்கள். குதிரைத்திறன் மோட்டாரின் பெருமை. நமக்கு வேண்டியது காற்று. நிமிடத்துக்கு எத்தனை கனஅடி என்று அச்சிட்டிருக்கும் எண்ணும், பல வேளைகளில் குழாயும் வடிகட்டியும் இல்லாமல் வெறும் விசிறியை ஓட்டி அளந்த எண்ணே. குழாய், வளைவு, கூம்பு, வடிகட்டி ஆகிய எல்லாம் எதிர்த்து நிற்கும்போது எவ்வளவு காற்று வரும் என்று கேட்க வேண்டும். நல்ல தயாரிப்பாளரிடம் அதற்குரிய வரைபடம் இருக்கும்.

குழாயும் அப்படியே. மரத்தூள் வழியில் தங்காமல் செல்ல, குழாய்க்குள் காற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி வேகத்தில் ஓட வேண்டும் என்பது பொது விதி. அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாய் கடத்தும் காற்று 349 கனஅடி. 6 அங்குலக் குழாய் கடத்துவது 785 கனஅடி. விட்டம் ஒன்றரை மடங்கு. காற்றோ இரண்டேகால் மடங்கு! சீவலை அள்ள முதல் அளவு போதும். வட்ட ரம்பத்தைச் சுற்றி மிதக்கும் நுண்தூளைப் பிடிக்க இரண்டாவது அளவு வேண்டும். அதுவும் குழாய்வாய் மிக அருகில் இருந்தால்தான். வாயிலிருந்து குழாயின் விட்டத்தளவு விலகினாலே, இழுக்கும் காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

கடையொன்றில் செயல்விளக்கம் காட்டினார்கள். தரையில் கொட்டிய சீவலை இயந்திரம் நொடியில் விழுங்கிற்று, கூடியிருந்தோர் வியந்தனர். நான் உப்புத்தாளில் தேய்த்த தூளைக் கொண்டு சோதிக்கும்படி வேண்டினேன்; விளக்குகளை அணைத்துவிட்டுப் பையின் அருகே டார்ச் ஒளியைப் பாய்ச்சி, ஒளி வரும் திசையை நோக்கி நின்றேன். ஒளிக்கற்றையில் தூள் பனிபோல் எழுந்து மிதந்தது. விற்பனையாளர் ஒன்றும் சொல்லவில்லை. சைக்ளோனும் மடிப்பு வடிகட்டியும் பொருத்திய இயந்திரத்தருகே அதே ஒளி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. எந்த விளம்பரத்தாளும் கற்றுத்தராததை அந்தக் கைவிளக்கு கற்றுத்தந்தது.

விலை இரு மடங்குக்கும் மேல். புதிய இழைப்பு இயந்திரம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. அண்ணாச்சிக்கு உடன்பாடில்லை. "இந்தப் பொடிக்கா தம்பி இவ்வளவு ரூவா? நாப்பது வருசமா இதுலதானே கெடக்கேன், என்ன ஆயிட்டு?" என்றார். சொல்லி முடித்துவிட்டு இருமினார். அந்த இருமலை நாங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறோம். பீடியால் வந்ததென்று அவர் சொல்வார். பீடியை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரை மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. மூலையில் எம்.டி.எஃப். பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்த இளைஞனைக் காட்டி, "அவனுக்கும் நாப்பது வருசம் இருக்கே அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் அவனைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்த மூலையில வைக்கப் போற?" என்று கேட்டார்.

இயந்திரம் வந்தது. கூம்பு நெடியது; ஓட்டை உயர்த்தி இடம் செய்தோம். தகரக் குழாய்களை மண்ணோடு கம்பியால் இணைத்தோம். ஓடும் தூளில் நிலைமின்சாரம் பிறக்கும், நுண்தூளோ தீயை விரும்பும். பீப்பாயின் மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று கீழிருந்து புகுந்து தூளை மேலே கிளப்பிவிடும் என்பதால் ரப்பர் பட்டை வைத்து இறுக்கினோம். பீப்பாய் நிரம்புவதற்கு முன்பே காலி செய்கிறோம். உடையிலுள்ள தூளை அமுக்கக் காற்றால் ஊதும் பழக்கத்தை நிறுத்தினோம். சாண்டர் பிடிக்கும்போது முகக்கவசத்தையும் விடவில்லை. இயந்திரம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது.

இவற்றையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. நம் ஊர்களில் ஒருவரிருவர் வேலை செய்யும் தச்சுப்பட்டறைகள் எத்தனையோ. பெரிய இயந்திரம் எல்லாருக்கும் இயலாது. ஆனால் கதவைத் திறந்து காற்றோட்டம் செய்யலாம். தேய்க்கும் வேலையை வெளித்திண்ணைக்கு மாற்றலாம். நல்ல முகக்கவசம் வாங்கலாம். இருட்டில் ஒரு டார்ச்சைப் பிடித்துப் பார்க்கலாம். கூலி கொடுப்பவன் கூலியோடு சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டது, மூச்சு விடத்தக்க காற்று.

பீப்பாயில் சேரும் தூளை மாதந்தோறும் ஒருவர் வந்து மூட்டையாக வாங்கிப் போகிறார். சிறிது பணமும் கிடைக்கிறது. வடிகட்டியின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் சேர்வதோ ஒரு கைப்பிடிக்கு மேல் இராது. சாம்பல் நிறம், திருநீறுபோல் மென்மை. அதை யாரும் வாங்குவதில்லை. அண்ணாச்சிதான் அதை நனைத்து, காகிதத்தில் மடித்துக் கட்டி அப்புறப்படுத்துகிறார். நாங்கள் அவ்வளவு பணம் கொடுத்தது அந்தக் கைப்பிடித் தூளுக்காகத்தான்.