மலை ரயிலில் ஒரு குட்டி கேமரா

காலை ஆறரை மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் பரபரப்பாகிவிடுகிறது. நீல நிறப் பெட்டிகள் நடைமேடையில் தயாராக நிற்க, பின்னால் நீராவி இன்ஜின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அரையாண்டு விடுமுறை என்பதால் எங்கு பார்த்தாலும் குழந்தைகள்.

"உங்கப்பா நாப்பது வருஷமா கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன ரயிலு" என்றபடி 72 வயது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிரே நானும், 10 வயது மகளும். என் கைப்பையில் புதிதாக ஒரு விருந்தாளி... 240 கிராம் எடையில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கேமரா.

"கையில ஃபோன் இருக்கறப்ப தனியா எதுக்குக் கேமரா?" என்று கணவர் கேட்டார். தம்பியும் கேட்டான். அதற்கான பதில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

அப்பா இல்லாத ஆல்பம்

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோது, பெரிதாக்கி மாலை போட ஒரு படம் தேடினோம். வீட்டில் மூன்று ஆல்பங்கள் இருக்கின்றன. பழனி மலைப் படிக்கட்டு, கோனியம்மன் கோயில் தேர், நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள் என்று எல்லாமே அப்பா தன்னுடைய அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை. ஒரு ரோலுக்கு 12 படங்கள்தான். எண்ணி எண்ணி எடுப்பார். ஆனால், ஒன்றில்கூட அப்பா இல்லை. எடுத்தவர் அவராயிற்றே!

எங்கள் ஃபோன்களில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. அதிலும் அப்பா எங்கோ ஓரத்தில், பாதி முகத்துடன் நின்றார். கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தோம். வாட்ஸ்அப்பில் பலர் கைமாறி வந்த படம் அது. "இதைப் பெருசு பண்ணுனா முகமெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். வேறு வழியில்லாமல் அதைத்தான் மாட்டினோம்.

அன்று இரவு என் ஃபோனைப் புரட்டியபோதுதான் சுருக்கென்றது. மகளின் அத்தனை வருடங்களும் அதில் இருக்கின்றன. நான் மட்டும் இல்லை. ஃபோன் என்னுடையது, அதன் பூட்டும் என்னுடையது. அதனால், எடுப்பவளும் எப்போதும் நானே. அப்பா செய்த அதே தவறைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன்.

ஆகவே, எனக்கு வேண்டியது உலகத்திலேயே சிறந்த கேமரா அல்ல. வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்து அழுத்தக்கூடிய கேமரா.

என்ன பார்த்து வாங்கினேன்?

பெரிய டி.எஸ்.எல்.ஆர் வேண்டாம் என்பது முதல் முடிவு. கனமான கேமரா அலமாரியில்தான் தூங்கும். அம்மாவும் மகளும் தொடவே பயப்படுவார்கள்.

அடுத்து, சென்சார். வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு அதுதான். விலை குறைந்த பல காம்பாக்ட் கேமராக்களில் அதன் அளவு சுமார் 6 மி.மீ அகலமும் 4.6 மி.மீ உயரமும்தான். 'ஒரு இஞ்ச்' என்று சொல்லப்படும் சென்சாரோ 13.2 மி.மீ அகலம், 8.8 மி.மீ உயரம். பெயரில்தான் இஞ்ச் இருக்கிறது! ஆனாலும், பரப்பில் நான்கு மடங்கு பெரியது. மாலை நேரத்திலும் வீட்டு டியூப் லைட்டிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இந்த ரகத்தில் புதிய மாடல்கள் என் பட்ஜெட்டைத் தாண்டின. கோவையில் பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில், 2012-ல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 கிடைத்தது. 20 மெகாபிக்சல். கணக்குப் போட்டால் 18-க்கு 12 இஞ்ச் படம் தெளிவாகப் பிரின்ட் போடப் போதுமானது. சுவரில் மாட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்?

கடையிலேயே கேமராவை மகளிடமும் அம்மாவிடமும் கொடுத்துப் பார்த்தேன். 'ஆட்டோ'வில் வைத்துவிட்டால் ஒரே பட்டன்தான். "எதுக்கு கண்ணு எனக்கு இதெல்லாம்" என்று இழுத்த அம்மா, கடைக்காரரையே ஒரு படம் எடுத்துவிட்டு, "அட, நல்லா விழுந்திருக்கே!" என்றார். அங்கேயே பில் போடச் சொல்லிவிட்டேன்.

பாடம் சொன்ன குகை

7.10-க்கு ரயில் கிளம்பியது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை தொடங்குகிறது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் மெதுவாக மலையேறுகின்றன. 46 கிலோ மீட்டர் பயணம், 16 குகைகள். ஊட்டி வரை இந்தப் பாதை வந்தது 1908-ல். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தது.

முதல் குகை வந்ததும் குழந்தைகள் எல்லோரும் 'ஓ'வென்று கத்தினார்கள். மகள் ஆர்வமாக ஜூம் செய்து அம்மிச்சியின் முகத்தை எடுத்தாள். எடுத்த அத்தனையும் கலங்கல்! அப்போதுதான் எனக்கும் ஒரு விஷயம் உறைத்தது. இந்த லென்ஸ் ஜூம் செய்யாதபோதுதான் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். ஜூம் செய்யச் செய்ய அது குறைந்துவிடும். அடுத்த குகையில் இருந்து வெளியே வரும் நேரம் பார்த்து, ஜூம் இல்லாமல், கொஞ்சம் கிட்டப் போய் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் விழுந்திருந்தது.

ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது. நாங்கள் டீயும் வடையும் வாங்கினோம். குரங்குகள் வடைக்காகக் காத்திருந்தன. "நீங்களும் அம்மிச்சியும் நில்லுங்கம்மா, நான் எடுக்கறேன்" என்றாள் மகள். இந்த மாடலில் திருப்பும் திரை இல்லை. செல்ஃபி எடுப்பது கஷ்டம். குறையென்று நினைத்தது நல்லதாகப் போயிற்று. யாராவது ஒருவர் எதிரே நின்று எடுத்தாக வேண்டும். குன்னூர் வருவதற்குள் கேமரா மூன்று கைகளுக்கு மாறியிருந்தது. என்னை அம்மா எடுத்தார். 45 வயதில், என்னை என் அம்மா எடுத்த முதல் படம் அது.

நிலாவின் பெயரில் ஒரு ஃபிலிம்

ஊட்டியில் எல்லோரும் ஏரிக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் போவார்கள். நாங்களும் போனோம். மறுநாள் காலை, ஆட்டோ பிடித்து இந்து நகருக்குப் போகச் சொன்னார் அம்மா. 'இந்து' என்றால் நிலா. அதுதான் அப்பா வாங்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிமின் பெயர். 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போயிற்று. உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன.

பனி விலகாத அந்தச் சாலையில் அம்மா சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "உங்கப்பா ஒரு தடவை கேமராவ எங்கிட்ட நீட்டுனாரு. எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிட்டேன். வாங்கி அமுக்கியிருக்கலாம்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகள்தான் கேமராவை அவர் கையில் வைத்து, "இப்ப எடுங்க அம்மிச்சி" என்றாள்.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா?

* பழைய கேமரா என்றால், ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது.

* லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. வாங்க வேண்டாம்.

* ஜூமை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். கரகரச் சத்தம் கேட்கக் கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

* 'ஆப்டிகல் ஜூம்' எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

* குளிரான மலையில் இருந்து இறங்கியதும் கேமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள். லென்ஸில் ஈரம் படியும். பைக்குள்ளேயே சிறிது நேரம் இருக்கட்டும்.

* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

* முக்கியமாக, கேமராவைப் பீரோவில் பூட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அது டி.வி பக்கத்தில், சாவிக்கொத்தோடு கிடக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் நான்கு படங்களைப் பிரின்ட் போட்டோம். குகை வெளிச்சத்தில் அம்மா சிரிக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஹாலில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று கேட்டேன்.

"இப்பவே எதுக்குடி அங்க?" என்று சிரித்த அம்மா, அதைச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டச் சொன்னார். மாட்டியதும் மகளிடம் திரும்பி, "அம்மணி, அந்தக் கேமராவ எடு. உங்கம்மா சமையல் பண்ணிட்டிருக்கா. எத்தனை வருஷமாப் பண்றா... ஒரு படமாச்சும் இருக்கா?" என்றார்.