மாப்ளே, பட்டா மாத்தினீங்களா?

பி.காம். படித்தவனுக்கு கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.

என் மனைவியின் அண்ணனுக்குப் பாரிமுனையில் பைப், வால்வு வியாபாரம். பத்திரிகைகளுக்கு எழுதிய நேரம் போக மிச்ச நேரத்தில் அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். (எழுத்தைவிட இதில் நாலு காசு அதிகம் வருகிறது. ஆசிரியர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடவும்.) மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், "மச்சான், கணக்குக்குன்னு தனியா சர்வர் வாங்க வேண்டாம். இருக்கிற விண்டோஸ் மெஷினுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் வெச்சுடலாம். லினக்ஸ். பைசா செலவில்லை" என்றேன்.

பைசா செலவில்லை என்றால் எங்கள் குடும்பத்தில் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டரா என்று புருவம் உயர்த்துகிறவர்களுக்கு: பெரிய வீட்டில் ஒரு போர்ஷனைத் தடுத்து வாடகைக்கு விடுகிறோமே, அதேதான். குடித்தனக்காரர் தனி வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பார். 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே தன் ராட்சத மெஷின்களுக்கு இந்த வித்தையை விற்க ஆரம்பித்துவிட்டது. நான் விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸை ஏற்றினேன். இந்த உள்மெஷினின் ஹார்டு டிஸ்க் என்பது வெளிமெஷினைப் பொறுத்தவரை வெறும் ஒரு ஃபைல். அதற்கு 40 ஜி.பி. ஒதுக்கினேன்.

1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. என் 40 ஜி.பி.க்கு அந்த மாதிரி 8,000 வேண்டும். "இது பேரன் காலம் வரைக்கும் தாங்கும் மாமா" என்று மாமனாரிடம் பெருமையடித்தேன்.

மூன்றே வருஷம்தான் தாங்கியது.

அன்றைக்குத் தேதி 20. ஜி.எஸ்.டி.யில் மாதாமாதம் 3-பி தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ம் தேதி என்பது பரீட்சைக்கு முந்தின ராத்திரி. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவிகிதம் வட்டி. சாயங்காலம் நாலு மணிக்கு கடைசி நாலு பில்லை ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். சேமிக்க மறுத்தது. மறுபடி தட்டினேன். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்றது. இடமில்லை, போய் வா!

இடம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால் நானே போட்ட 9 ஜி.பி.தான் அது.

மாமனாரின் பேரேடுகள்.

1984-ல் கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கைப்பட எழுதியவை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்' என்று ஒரு வார்த்தை, அப்புறம் வரவு, பற்று. 2020 ஊரடங்கில் வேறு போக்கில்லாமல் என் மனைவி அத்தனையையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தாள். சுமார் 3,000 பக்கம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இவன் நல்ல மனுஷன்... இவன் கழுத்தறுப்பான்" என்று ஒவ்வொரு பெயருக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 2023 டிசம்பர் புயலில் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கீழ் அலமாரியில் இருந்த பேரேடுகள் எல்லாம் கூழாகிவிட்டன. மிஞ்சியது ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்த ஸ்கேன் மட்டும்.

அந்த ஹார்டு டிஸ்க்கும் சமீபமாக 'கர்... கர்...' என்று தொண்டையைச் செரும ஆரம்பித்ததால், அவசர அவசரமாக எல்லாவற்றையும் லினக்ஸ் மெஷினுக்கு மாற்றினேன். மறுநாளே கிழவர் கண்ணை மூடிவிட்டார். (ஹார்டு டிஸ்க்கைச் சொன்னேன்.)

இங்கே என் அதிகப்பிரசங்கித்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்-4 ஃபைல் சிஸ்டம், சாதாரணமாக மொத்த இடத்தில் 5 சதவிகிதத்தை 'ரூட்' என்கிற வீட்டு எஜமானருக்கென்று ஒதுக்கி வைக்கும். அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிற ஐந்நூறு ரூபாய் மாதிரி. மற்றவர்களுக்கு இடம் தீர்ந்தாலும் எஜமானர் உள்ளே வந்து வீட்டை ஒழுங்கு பண்ணலாம். நான்தான் எதற்கெடுத்தாலும் 'சூடோ' போட்டு எஜமானர் வேஷம் கட்டுகிறவனாயிற்றே! பேரேட்டையும் அப்படியே காப்பி பண்ணியதில் அரிசிப் பானையும் பாதி காலி. ராத்திரி தானாக வந்திறங்கிய அப்டேட்கள் மிச்சத்தை வழித்துவிட்டன.

மச்சான் போனில் பதறினார். "மாப்பிள்ளை, இன்னிக்கு எப்படியாவது போட்டுடுங்க. எதையாவது அழிச்சாவது போட்டுடுங்க."

பின்னால் ஈஸிசேரில் இருந்த மாமனார் கேட்டார்: "எதை அழிக்கணுமாம்?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "என் பேரேடுதானே? அழிச்சுடுங்க மாப்ளே. யாரு பார்க்கப் போறா? கடைதான் முக்கியம்."

காபி கொண்டுவந்த என் மனைவி, டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். ஆர்.எம். என்று இரண்டு எழுத்து தட்டியிருந்தவன், அதை அழித்தேன்.

முதல் காரியமாகப் பையனின் பென்டிரைவைப் பிடுங்கி, கார்ட்டூன் பாட்டுகளைக் காலி பண்ணி, பேரேட்டை அதில் ஒரு பிரதி எடுத்தேன். 'அப்புறமென்ன, மெஷினில் இருப்பதை அழித்துவிடலாமே' என்பீர்கள். ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் வெள்ளமும் கிழ ஹார்டு டிஸ்க்கும் காட்டிவிட்டனவே! இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். ஆகவே மெஷினில் இடத்தைப் பெருக்குவது என்று முடிவு.

ரொம்ப சுலபம். உள்மெஷினை அணைத்தேன். விர்ச்சுவல் பாக்ஸில் டிஸ்க்கின் அளவைக் காட்டும் கோட்டை 40-லிருந்து 80-க்கு இழுத்தேன். வெளிமெஷினில் 300 ஜி.பி. சும்மா கிடக்கிறது, கேட்பாரில்லை. மறுபடி ஆன் செய்தேன். எவ்வளவு இடம் என்று பார்க்க டி.எஃப். என்ற கட்டளை. தட்டினேன்.

19 ஜி.பி. நூறு சதவிகிதம் நிரம்பியிருக்கிறது.

திரும்பத் திரும்பத் தட்டினேன். லிஃப்ட் பட்டனைப் பத்து தரம் அழுத்துகிறவன் மாதிரி. அதே 19. மணி ஆறு.

"என்ன மாப்ளே, இடம் வாங்கலியா?"

"வாங்கிட்டேன் மாமா. 40 இருந்ததை 80 ஆக்கிட்டேன். ஆனா உள்ளே காட்ட மாட்டேங்குது."

"பட்டா மாத்தினீங்களா?"

மாமனார் தொண்ணூறுகளில் மடிப்பாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கி, பத்திரம் பதிந்ததோடு நிம்மதியாக வந்துவிட்டார். பட்டா பழைய ஆள் பேரிலேயே பத்து வருஷம் கிடந்து, பிறகு அவரை அலையவிட்டது. அதிலிருந்து உலகத்தில் எந்தப் பிரச்னைக்கும் அவருடைய முதல் கேள்வி இதுதான். பேத்திக்கு ஜுரம் என்றால்கூட.

ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி என் மண்டையில் 'டங்'கென்று அடித்தது.

பத்திரம்தான் பதிந்திருக்கிறேன். டிஸ்க் பெரிதானது டிஸ்க்குக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் பார்ட்டிஷன் என்று ஒரு சுற்றுச்சுவர் இருக்கிறது. அது பழைய இடத்திலேயே நிற்கிறது. சுவருக்குள்ளே எல்.வி.எம். என்று ஓர் ஏற்பாடு. கூட்டுக் குடும்பம் மாதிரி. இடம் முழுவதும் முதலில் பொதுச்சொத்தாகச் சேரும். அதிலிருந்து பாகம் பிரித்துக் கொடுப்பார்கள். பாகத்துக்குள்தான் ஃபைல் சிஸ்டம் என்கிற வீடு. சாமான் வைப்பது வீட்டில்தான். வெளியே நாற்பது ஏக்கர் வாங்கினாலும் அலமாரியில் ஒரு சொம்பு வைக்க இடம் கூடாது. ஒவ்வொரு ஆபீஸிலும் தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும்.

கணக்குப் படித்தவனுக்கு இது தெரிய வேண்டாமோ? ஜர்னலில் எழுதினால் மட்டும் போதுமா, லெட்ஜரில் போஸ்டிங் போட வேண்டாமா என்று எங்கள் காலேஜ் வாத்தியார் மூன்று வருஷம் தலையில் அடித்துக்கொண்டது இதற்குத்தானே!

சுற்றுச்சுவரை நகர்த்த 'குரோபார்ட்' என்று ஒரு கட்டளை. டிஸ்க்கின் பெயர், ஓர் இடைவெளி, பிறகு பார்ட்டிஷன் எண் 3. (இடைவெளி விடாமல் சேர்த்து எழுதினால் கோபித்துக்கொள்ளும். ஒருமுறை கோபித்துக்கொண்டது.) சரியாக அடித்தேன். வந்த பதில்: தற்காலிகமாக ஒரு சின்ன ஃபோல்டர் திறக்கணும், அதற்கு இடமில்லை.

அதாவது, இடம் பெருக்குவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். பாங்க்கில் கடன் கேட்டுப் போனால், 'உங்ககிட்ட ஏற்கெனவே பணம் இருக்கா?' என்று கேட்பார்களே, அந்த நியாயம்.

எதைக் காலி செய்வது? ராத்திரி வந்த அப்டேட்கள், வேலை முடிந்த பிறகும் கல்யாண வீட்டு அட்டைப்பெட்டிகள் மாதிரி தங்கள் மூட்டைகளை ஒரு மூலையில் விட்டுவிட்டுப் போயிருந்தன. 'ஆப்ட் க்ளீன்' என்றதும் சில நூறு எம்.பி. விடுதலை. மூச்சு வந்தது.

குரோபார்ட்: சுவர் நகர்ந்தது. 'பி.வி. ரீசைஸ்': புது நிலம் பொதுச்சொத்தில் சேர்ந்தது. 'எல்.வி. எக்ஸ்டெண்ட்': மிச்சம் இருப்பது நூறு சதவிகிதத்தையும் எங்கள் பாகத்துக்கே எழுதிக் கொடுத்தது. கடைசியாக 'ரீசைஸ் டூ எஃப்.எஸ்.': வீடே சுவர்வரை நீண்டது. இந்தக் கடைசி வேலையை மெஷினை நிறுத்தாமல், ஆள் குடியிருக்கும்போதே செய்யலாம் என்பது எக்ஸ்ட்-4-ன் பெருந்தன்மை. பெரிதாக்கத்தான் இந்தச் சலுகை. சின்னதாக்க வேண்டுமென்றால் காலி பண்ணிவிட்டு வெளியே நிற்க வேண்டும்.

டி.எஃப். தட்டினேன். 77 ஜி.பி.!

பில்கள் ஏறின. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு 3-பி தாக்கலாயிற்று. மச்சான் போனில், "மாப்பிள்ளை, தெய்வம் நீங்க" என்றார். அடுத்த 20-ம் தேதி வரை செல்லுபடியாகும் பட்டம்.

எல்லோரும் தூங்கப் போனார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், கணக்கு இடித்தது.

19 இருந்தது. 40 சேர்த்தேன். 59 ஆக வேண்டும். 77 எப்படி வந்தது? பணம் குறைந்தால் பதறுகிறவன் சாதாரண மனுஷன். அதிகமாக இருந்தாலும் பதறுகிறவன் பி.காம். எழுந்து போய்ப் பழைய திரைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன்.

இருந்தது. கட்டளைகள் போடுவதற்கு முன்பே திரையில் வந்திருந்த பட்டியலில் தெளிவாக இருந்தது. பழைய டிஸ்க் 40. அதில் பூட்டிங் சமாசாரங்களுக்கு 2 போக மூன்றாவது பார்ட்டிஷன் 38. அதிலிருந்து எங்களுக்குப் பிரித்துக் கொடுத்த பாகம் 19. சரியாகப் பாதி! பிற்கால வளர்ச்சிக்கும் மற்ற உபயோகங்களுக்கும் இருக்கட்டும் என்று உபுண்டு சர்வர் நிறுவப்படும்போதே மீதியைப் பொதுச்சொத்தில் விட்டு வைப்பது வழக்கமாம். அதைத் திரையிலும் காட்டுகிறது. நான்தான் படிக்காமல் 'டன்... டன்...' என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

மூன்று வருஷமாக 19 ஜி.பி. பூட்டின அறையாகக் கிடந்திருக்கிறது. சாயங்காலம் நாலே காலுக்குப் பொதுச்சொத்தில் என்ன மிச்சம் என்று 'வி.ஜி.எஸ்.' என்ற மூன்றெழுத்தைத் தட்டிப் பார்த்திருந்தால், மெஷினை அணைக்காமல், ஒன்றும் வாங்காமல், கடைசி இரண்டு கட்டளையோடு வேலை முடிந்திருக்கும். அதற்குப் போய், ஒரு பெரியவரை அவர் வாயாலேயே 'என் பேரேட்டை அழிச்சுடுங்க' என்று சொல்ல வைத்திருக்கிறேன்.

காலையில் காபி சாப்பிடும்போது மாமனாரிடம் உள்ளதை ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"ஸ்டாக் எடுக்காம சரக்கு வாங்கக் கூடாது மாப்ளே. கடை ஆரம்பிச்ச புதுசுல நானும் வாங்கியிருக்கேன். அரை இன்ச் வால்வு, நூறு. பரண்ல ஏற்கெனவே நூறு இருந்தது."

பிறகு குரலைத் தணித்து, "அது போகட்டும். இப்ப இடம் நிறைய இருக்கு இல்ல?" என்றார்.

"நிறைய இருக்கு மாமா."

"பேரேடு அப்படியே பத்திரமா இருக்கு இல்ல?"

"ரெண்டு இடத்துல இருக்கு."

"அப்போ 1991-ஐத் திறங்க. பாக்கி வராக்கடன் பக்கம்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதுல ரெண்டு பேர் இன்னும் உயிரோடதான் இருக்கான்."